வரலாற்றில் இன்று, அக்டோபர் 31: விடுபட்ட ஒரு வரி

1/


இன்று காலை நான் எழுந்து பல் துலக்குவதற்குள் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் இருந்து ஒரே பட்டியல் வந்துவிட்டது. "வரலாற்றில் இன்று – அக்டோபர் 31". மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே "இனிய நாளாகட்டும்".

அனுப்பியவர்கள் எல்லாருமே எனக்கு வேண்டியவர்கள்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பட்டியல் மேல்தான் கோபம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சிக்கிட்டே படிங்க.

2/
பட்டியலில் இருந்தவை:

1517 – மார்ட்டின் லூதர் தன் 95 கருத்துகளை வெளியிட்டார்
1875 – சர்தார் வல்லபாய் படேல் பிறந்தார்
1895 – இந்திய கிரிக்கெட் அணியின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடு பிறந்தார்
1975 – இசையமைப்பாளர் எஸ்.டி.பர்மன் மறைந்தார்
1984 – பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார்
2011 – உலக மக்கள்தொகை 700 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்த நாள்
2018 – குஜராத்தில் 182 மீட்டர் உயர படேல் சிலை திறப்பு

எல்லாம் சரியான தகவல்தான். ஒன்றிலும் தப்பு இல்லை.

3/
ஆனால் இந்தப் பட்டியலை எனக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் பகுதியில் வேலை பார்ப்பவர்கள். அல்லது அந்த வேலையை நம்பிக் கடை, ஹாஸ்டல், வேன் நடத்துபவர்கள். நானும் அப்படித்தான். என்னிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் கம்பெனி யூனிபார்மோடு வருபவர்கள்.

நம்ம ஊருக்கு என்று அக்டோபர் 31ல் ஒரு வரி இருக்கிறது. எனக்கு வந்த நான்கு பட்டியலிலும் அது இல்லை.

4/
2010 அக்டோபர் 31. ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் வேலையில் இருந்த ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கினார். அந்தக் காயத்திலேயே உயிர் போனது. வயது இருபதுகளின் தொடக்கம்.

அவர் பெயர் அப்போது பத்திரிகைகளில் வந்தது. குடும்பத்தாரைக் கேட்காமல் நான் இங்கே போட விரும்பவில்லை. நான் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

5/
அந்த ஆலை 2006ல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பர் 1 முதல் அங்கே உற்பத்தி நின்றது. ஆலை மூடிய தேதி நமக்கு நினைவிருக்கிறது. வரிப் பிரச்சினை, விற்பனை, வேலை இழப்பு என்று எத்தனையோ கட்டுரைகள் வந்தன.

அதற்குச் சரியாக நான்கு ஆண்டு, ஒரு நாள் முன்னால் நடந்தது யாருக்கு நினைவிருக்கிறது? உங்களில் எத்தனை பேருக்கு இந்த இழையைப் படிக்கும் முன்பு தெரியும்? நேர்மையாகச் சொல்லுங்க.

6/
"டாக்டர், அது ஒரு விபத்து. வரலாறு என்றால் பெரிய நிகழ்ச்சிதானே" என்று சிலர் சொல்வீர்கள்.

சரி. பெரிய நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். இந்திரா காந்தி இறந்த அதே அக்டோபர் 31 மாலை ராஜீவ் காந்தி பிரதமராகப் பதவியேற்றார். அவர் உயிர் போனது நம்ம ஸ்ரீபெரும்புதூரில், 1991 மே 21 இரவு. அந்தத் தேதி உலகத்துக்கே தெரியும். மே 21 அன்று அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள்.

அதே குண்டில் அவரோடு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற காவல்துறையினர், கட்சிக்காரர்கள், ஒரு தாயும் அவருடைய சின்ன மகளும். அதே இடம், அதே நொடி. மே 21 பட்டியலில் அவர்களுக்கு எத்தனை வரி? ஒரு வரிகூட இல்லை.

எனவே நிகழ்ச்சி பெரிதா சிறிதா என்பது இல்லை விஷயம். ஆள் பெரிதா சிறிதா என்பதுதான்.

7/
இதில் ஒரு டாக்டருக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் முதலில் எழுதுவது தேதிதான். காயத்தோடு யார் வந்தாலும் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் "ஏ.ஆர். என்ட்ரி" என்போம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி நடந்தது, யார் அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகுதான் காயத்தின் நீளம் அகலம்.

காயச் சான்றிதழ், போலீஸ் விசாரணை, ஈ.எஸ்.ஐ., நஷ்ட ஈடு எல்லாம் அந்த நான்கு வரியில்தான் நிற்கும். அது தப்பாக இருந்தால் மேலே எதுவும் நிற்காது.

8/
இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

பல வருடம் முன்பு. நான் படித்து முடித்த புதிது. ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி. இரவு இரண்டு மணி இருக்கும். ஒரு பையனை அழைத்து வந்தார்கள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக்கணுவோடு போயிருந்தன. கையெல்லாம் கிரீஸ்.

கூட வந்த சூப்பர்வைசர் சொன்னார்: "சார், ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு போட்டுக்கோங்க. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

பையனைப் பார்த்தேன். "ஆமா சார், கதவுதான்" என்றான்.

9/
எந்த வீட்டுக் கதவும் இரண்டு விரலை அப்படி வெட்டாது. அது பவர் பிரஸ். எனக்குத் தெரியும். நர்ஸ் அக்காவுக்கும் தெரியும்.

நான் "கதவு" என்று எழுதினேன். இடம்: வீடு.

நோயாளியே சொல்கிறார், நான் என்ன செய்ய என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக ஒரு தடவை கேட்டிருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். கேட்கவில்லை.

10/
ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பையன் வந்தான். செலவை ஒரு மாதம் பார்த்துக்கொண்ட ஒப்பந்தக்காரர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. வேலையும் இல்லை. யாரோ சொல்லி, "அடிபட்டதுக்குப் பேப்பர்" வாங்க வந்திருந்தான்.

"எந்தத் தேதிப்பா?" என்றேன்.

"தேதி தெரியல சார். என் தங்கச்சி வளைகாப்புக்கு முந்தின புதன்கிழமை. ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும்."

தேடி எடுத்தோம். தேதி இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் "கதவு". பழைய பதிவை இனி மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது. அதை அவனிடம் சொன்னேன்.

"பரவால்ல சார்" என்று எழுந்து போனான். இடது கையால் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

11/
அவன் இழந்தது என்ன என்று கணக்காகச் சொல்கிறேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு உள்ள தொழிலாளிக்கு (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) வேலையில் காயம் பட்டால்:

• வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம்
• நிரந்தர ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று மருத்துவக் குழு முடிவு செய்யும் அளவுக்கு ஏற்ப, உயிரோடு இருக்கும்வரை தொகை
• உயிரிழந்தால் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாதாமாதம் தொகை
• காயத்துக்கான சிகிச்சை

இதில் எதுவும் தர்மம் இல்லை. அவர் சம்பளத்திலும் முதலாளி கணக்கிலும் இருந்து போகும் பணம்.

12/
முக்கியமான விஷயம்: வேலைக் காயத்துக்கு "இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டாலும் உரிமை உண்டு.

அப்படியானால் பலருக்கு ஏன் இழுத்தடிக்கிறது?

இங்கேதான் "ஒரே தேதியில் இரண்டு நிகழ்வு" வருகிறது. வரலாற்றில் இன்று பட்டியலில் வராத இரண்டு நிகழ்வு.

13/
நிகழ்வு ஒன்று: தொழிலாளிக்கு அடிபட்ட நாள்.
நிகழ்வு இரண்டு: அவருக்கு ஈ.எஸ்.ஐ. எண் பதிவு செய்யப்பட்ட நாள்.

இரண்டும் ஒரே தேதி! நானே பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று மாதமாக வேலை பார்த்தவர், ஆறு மாதமாக வேலை பார்த்தவர். ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து பதிவு செய்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால், காலையில் வேலைக்குச் சேர்ந்த மனிதர் மதியமே விரலை இழந்திருக்கிறார்.

பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வராதா? வரும். விசாரணை, கடிதம், அலைச்சல். முதலாளி செய்த தாமதத்துக்கு நடையாய் நடப்பவர் அடிபட்டவர்.

14/
இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. ஹரியானாவின் குர்கான், மானேசர் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் காயம்பட்டவர்களோடு வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதிலும் இதே கதைதான். அதிகம் கை நசுங்குவது பவர் பிரஸ்ஸில். பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கிடைப்பது அடிபட்ட பிறகு.

வடக்கே குர்கான், தெற்கே ஒரகடம். கார் ஒன்றுதான். அதற்குள் போகும் சின்னச் சின்னத் தகடுகள் வரும் பட்டறைகளும் ஒரே மாதிரிதான்.

15/
அடுத்து பிறந்தநாள். பட்டியலில் பாதி பிறந்தநாள்தானே?

இந்தப் பகுதியில் எந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையிலும் உட்கார்ந்து பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் தம்பிகள் ஆதாரை நீட்டுவார்கள். 01-01. 01-01. 01-01. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களிடம் வயதைக் கேட்டு ஆண்டைப் போட்டார்கள், நாள் ஜனவரி 1 ஆகிவிட்டது.

"என்ன சார், ஊரே ஒரு நாள்ல பொறந்திருக்கு" என்று எங்கள் பதிவு மேசைப் பெண் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

16/
வடநாட்டுக்காரர்களை மட்டும் சொல்லவில்லை. உங்கள் அப்பா, பெரியப்பா சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்திருப்பார்கள். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். கை எட்டியதும், வயது வருகிற மாதிரி ஒரு தேதியை அவரே போட்டார். அதுதான் இன்றுவரை பிறந்தநாள்.

நம் ஆட்களுக்கு நாள் நினைவில் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராமாநுஜர் இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். ஆண்டு 1017 என்பது மரபு. சித்திரை மாதம், திருவாதிரை நட்சத்திரம். ஆயிரம் ஆண்டாக ஒரு வருடம்கூட விடாமல் நினைவில் வைத்திருக்கிறோம். ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், நாள் மாறாது.

"தங்கச்சி வளைகாப்புக்கு முந்தின புதன்கிழமை" என்பதும் அப்படித்தான். ஆனால் படிவத்தில் வளைகாப்புக்குக் கட்டம் கிடையாது. எண்ணில் எழுதினால்தான் பணம்.

17/
தேதி தப்பானால் என்ன கெட்டுவிடும்?

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை அபாயகரமான வேலையில் வைக்கக்கூடாது என்பது சட்டம். "ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்" வாங்க வரும் சில பையன்களின் முகத்தைப் பார்த்தால் பதினாறு. கார்டில் பத்தொன்பது, 01-01. ஓய்வு வயது, ஓய்வூதியம், இன்சூரன்ஸ், ஊனத் தொகைக் கணக்கு எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான்.

படேல் எந்த வருடம் பிறந்தார் என்று நமக்குத் தெரியும். நம் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் தம்பிக்கு என்ன வயது என்று தெரியாது.

18/
"எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்களே, கம்பெனிகளில் பாதுகாப்பு இல்லையா?" இருக்கிறது. நல்ல கம்பெனிகளும் இருக்கின்றன, பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே போனால் சென்சார் நிறுத்திவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்து விரல் போய் எனக்கு யாரும் வருவது அரிது. இந்தத் தொழிற்சாலைகள் வந்ததால்தான் எத்தனையோ குடும்பத்தில் முதல் பட்டதாரி வந்திருக்கிறார். எனக்கும் பிழைப்பு நடக்கிறது. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

பிரச்சினை, உற்பத்தி வேகத்துக்காகச் சென்சாரைத் துண்டித்துவிட்டு ஓட்டும் இடங்களில்.

19/
கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். "விபத்தில்லா நாட்கள்: இத்தனை. கடைசி விபத்து நடந்த தேதி: இது."

நல்ல நோக்கத்தில் வைத்த போர்டுதான். தொழிலாளிக்கு அடிபட்ட தேதியை ஊர் பார்க்க எழுதி வைக்கும் ஒரே இடமும் அதுதான். ஆனால் அந்த எண்ணிக்கை முன்னூறு, நானூறு என்று ஏறிவிட்டால் அதைப் பூஜ்யமாக்க யாருக்கும் மனசு வராது. பரிசு, பாராட்டு, வாடிக்கையாளர் ஆய்வு எல்லாம் அதில் தொங்குகிறது.

அப்போதுதான் பிரஸ் கதவாகிறது. தொழிற்சாலை ரூம் ஆகிறது. இரவு ஷிப்ட் "பைக்ல விழுந்துட்டான்" ஆகிறது. போர்டில் எண் ஏறிக்கொண்டே போகிறது.

20/
மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம். 1966ல் தேசிய பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள். கோலப் போட்டி, வாசகப் போட்டி, உறுதிமொழி, ஸ்வீட் பாக்ஸ். ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். இரண்டும் நல்லதுதான்.

இயந்திரத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இருக்கிறது. அதில் கையை விட்டவனுக்கு ஒரு நாள் வேண்டாமா?

21/
தேதியை நினைவு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு:

1911 மார்ச் 25, நியூயார்க் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீ. பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கியவர்கள் உட்பட 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த ஏழைப் பெண்கள். ஊர் மறக்கவில்லை. தொழிற்சாலைச் சட்டங்கள் மாறின. இன்றும் மார்ச் 25ல், இறந்தவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் சாக்பீஸால் அவர்கள் பெயரை எழுதுகிறார்கள்.

1984 அக்டோபர் 31 நமக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து 3, போபால். அதற்குப் பிறகுதான் 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்குத் தனி அத்தியாயம் வந்தது. அந்தத் தேதியை மறக்கவிடாமல் ஆண்டுதோறும் தெருவுக்கு வருபவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்.

22/
நம்ம ஊரிலேயே உண்டு. டிசம்பர் 25 என்றால் கிறிஸ்துமஸ். அதே டிசம்பர் 25, 1968ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டு நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். வருடா வருடம் மக்கள் அங்கே போய் நிற்பதால்தான் அது நமக்குத் தெரிகிறது. எந்தக் காலண்டரும் அதைத் தானாக நினைவு வைக்கவில்லை.

செப்டம்பர் 5 என்றால் ஆசிரியர் தினம். வ.உ.சி. பிறந்த நாளும் அதே செப்டம்பர் 5தான். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக 1908ல் நின்றவர். 2012ல் அதே செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வ.உ.சி. பிறந்தநாளில்! இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

23/
பொலம்பிட்டு மட்டும் போக மாட்டேன். செய்ய வேண்டியது இது. சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் அடிபட்டால்:

• முதலில் பார்க்கும் டாக்டரிடமே உண்மையான தேதி, நேரம், இடம், இயந்திரம் சொல்லுங்கள். யார் பக்கத்தில் நின்றாலும் சரி. "தனியா பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.
• ஏ.ஆர். எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
• கம்பெனி விபத்துப் பதிவேட்டில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் உங்கள் சார்பாக இன்னொருவர் சொல்லலாம்.
• வேலைக்குச் சேர்ந்த நாளுக்கு ஆதாரம் வையுங்கள். கேட் பாஸ், ஷிப்ட் மெசேஜ், முதல் சம்பளம் வந்த வங்கி எஸ்எம்எஸ், எதுவானாலும்.
• ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருந்தாலும் கைவிடாதீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923லேயே வந்தது.

24/
விரல் துண்டானால் நேரமும் முக்கியம்:

• காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள் வேண்டாம்.
• துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸையோ தண்ணீரையோ தொடக்கூடாது.
• எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுதிக் கையோடு அனுப்புங்கள். சில மணி நேரத்துக்குள் வந்தால் சேர்க்க வாய்ப்பு உண்டு. நசுங்கிய விரல் கஷ்டம். ஆனால் அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கொண்டு வாருங்கள்.

25/
என் சக மருத்துவர்களுக்கு: கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு தடவை கேளுங்கள். காயத்துக்கும் சொல்லும் கதைக்கும் பொருத்தம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டதன் பலன் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன்.

கம்பெனி நடத்தும் நண்பர்களுக்கு: ஆளைச் சேர்த்த அன்றே பதிவு செய்யுங்கள். போர்டில் "விபத்தில்லா நாட்கள்" இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள்: "கடைசி விபத்துக்குப் பிறகு நாங்கள் மாற்றியது: ..." அந்த இடம் காலியாக இருந்தால் மேலே உள்ள எண்ணுக்கு மதிப்பில்லை.

26/
கடைசியாக, காலையில் பட்டியல் அனுப்பும் என் அன்பு உறவுகளுக்கு.

அனுப்புங்கள். நிறுத்த வேண்டாம். படேலும் இருக்கட்டும், இந்திராவும் இருக்கட்டும், சி.கே.நாயுடுவும் இருக்கட்டும். கீழே இந்த ஒரு வரியை மட்டும் சேர்த்து அனுப்புங்கள்:

"2010 – ஸ்ரீபெரும்புதூரில் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்த விபத்து நடந்த நாள்."

உங்கள் ஊர், உங்கள் ஷிப்ட், உங்கள் லைனில் நடந்தது வேறு தேதியில் என்றால் அந்தத் தேதியில் அதைச் சேருங்கள். யாரையும் திட்ட வேண்டாம். தேதியை மட்டும் சரியாகப் போடுங்கள்.

அந்த இரண்டு விரல் பையனின் தேதி எனக்குத் தெரியும். அவன் அனுமதியில்லாமல் இங்கே போட மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும்போது பதிவேட்டில் என் கையெழுத்து நினைவுக்கு வரும்.

தம்பி, நீ எங்கேயாவது இதைப் படித்தால், அது கதவு இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்ல நான் தயார்.


– ஒரகடம் பக்கத்தில் இருந்து ஒரு மருத்துவர்